நீலம் போனால் இரவும் போச்சு

நண்பர்களே, வணக்கம். இன்னும் சற்று நேரத்தில் ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் 'நோஸ்ஃபெராட்டு' படத்தைத் திரையிடப் போகிறோம். அதற்கு முன்னால் படத்தின் நிறத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். 1922-இல் வந்த ஊமைப்படத்தில் என்ன நிறம் என்று உங்களுக்குத் தோன்றலாம்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு மங்கிப்போன கறுப்பு வெள்ளைப் பிரதியில்தான் இதை முதன்முதலில் பார்த்தேன். ஓர்லோக் பிரபு என்ற அந்த ரத்தக்காட்டேரி, தன் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து வரும் காட்சி. நடுராத்திரி என்பது கதை. திரையிலோ பளிச்சென்று பகல். அரங்கில் சிரித்துவிட்டார்கள். நானும் அது இயக்குநரின் கவனக்குறைவு என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

உண்மை வேறு. இரவில் வெளிப்புறத்தில் படம் பிடிக்கும் திறன் அன்றைய பிலிமுக்குக் கிடையாது. பகலில் எடுத்து, பிறகு பிரிண்டை நீலச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். நீலம் என்றால் இரவு என்று அன்றைய ரசிகனுக்குத் தெரியும். விடியலுக்கு ரோஜா நிறம், வீட்டுக்குள் மஞ்சள். பிற்காலத்தில் கறுப்பு வெள்ளையில் நகல் மேல் நகல் எடுத்தபோது சாயம் போனது, கூடவே இரவும் போனது. பாரிஸின் திரைப்படக் காப்பகமான சினிமாதெக்கில் இருந்த, சாயம் ஏற்றிய ஒரு பழைய பிரெஞ்சுப் பிரிண்டை ஆதாரமாக வைத்துத்தான் பின்னால் நிறங்களை மீட்டார்கள். மீட்ட பிரதியை முதல் தடவை பார்த்த அன்று, அதே சவப்பெட்டிக் காட்சியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கருநீலத் தெரு. ஒரு ஈ காக்கை இல்லை. அந்தக் கோணல் உருவம் மட்டும் அவசரமில்லாமல் நடக்கிறது. அப்புறம் துடுப்பில்லாமல் நகரும் ஒரு படகில் நின்றபடி எதிர்க்கரைக்குப் போகிறது.

அங்கே தெரியும் பாழடைந்த கட்டடங்கள் ஜெர்மனியின் லூபெக் நகரத்தின் பழைய உப்புக் கிடங்குகள். இன்றும் இருக்கின்றன. துறைமுகக் காட்சிகள் விஸ்மாரில் எடுத்தவை, கோட்டை ஸ்லோவாக்கியாவின் ஓராவா. கோணல்மாணலாக அட்டையில் வரைந்த அரங்குகளுக்குள் ஜெர்மன் திகில் படங்கள் பேர்வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. முர்னா கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நிஜமான கடல், நிஜமான சந்து, அதற்குள் ஒரு பிசாசு. பயத்துக்குக் காரணமே அதுதான் என்பேன்.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897-இல் வந்த நாவல். பிரானா என்ற சின்ன நிறுவனம் உரிமை வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றி அதை இந்தப் படமாக்கிவிட்டது. ஆனால் நாவலின் பெயரைப் படத்திலேயே போட்டுவிட்டார்கள்! ஸ்டோக்கரின் மனைவி ஃபிளாரன்ஸ் வழக்குத் தொடர்ந்தார். நிறுவனம் திவாலானது. 1925-இல் பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பு வந்தது. கணவரை இழந்து, அவர் எழுத்தின் வருமானத்தை நம்பியிருந்த பெண்மணி அவர். அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் வெளிநாடுகளுக்குப் போயிருந்த பிரதிகள் தப்பின என்பதில் எனக்குள்ள சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

நாவலைப் படித்தவர்கள் முடிவைக் கவனியுங்கள். நாவலில் டிராகுலா பகலிலும் லண்டன் தெருவில் நடமாடுவான். சக்திதான் குறையுமே தவிர, வெயில் அவனைக் கொல்லாது. கடைசியில் அவன் சாவது இரண்டு கத்திகளால். சூரிய ஒளி பட்டால் காட்டேரி செத்துப்போகும் என்று இன்று குழந்தைக்குக்கூடத் தெரியுமே, அது திரைக்கு வந்தது இந்தப் படத்தில்தான். வெளிச்சத்தை வைத்துத் தொழில் செய்கிறவர்களுக்குத்தான் அப்படி ஒரு முடிவு தோன்றும்.

அந்த முடிவை முர்னா எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள். மாடிப்படிச் சுவரில் கூனல் நிழல் ஒன்று ஏறுகிறது, ஆள் இல்லை. கதவை நோக்கி விரல் நீள்கிறது. அப்புறம் கதாநாயகி எல்லன் படுத்திருக்கும் வெள்ளை உடையின் மேல் அந்தக் கையின் நிழல் மட்டும் ஊர்ந்து வந்து, நெஞ்சுக்கு மேலே சட்டென்று இறுக மூடுகிறது. அவள் துடிக்கிறாள். தொட்டது வெறும் நிழல். பொழுது விடியும்வரை அவனைப் போகவிடாமல் வைத்திருந்தால் ஊர் பிழைக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டு, அவளேதான் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். ஊரில் கொள்ளைநோய். தெரு நீளத்துக்குச் சவப்பெட்டிகள் வரிசையாகப் போவதை அதே ஜன்னலில் நின்று பார்த்தவள் அவள்.

சேவல் கூவுகிறது. ஓர்லோக் நிமிர்கிறான். எதிர்வீட்டுக் கூரையில் வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஓர்லோக்காக நடித்த மாக்ஸ் ஷ்ரெக் அந்த இடத்தில் ஜன்னலைக் கடக்க எடுத்துவைக்கும் இரண்டு மூன்று அடிகளைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். சரி, விளக்கை அணைக்கச் சொல்கிறேன்.