மண்வெட்டியின் பக்கம்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்க்களத்தில் மேலோங்கி நின்றது தாக்குதலா, தற்காப்பா?’ என்ற கேள்விக்குத் தற்காப்பே என்று வாதிட வந்திருக்கிறேன். பழைய புறத்திணை வழக்கில் சொன்னால், எங்களுடையது, கோட்டையைக் காப்போர் சூடும் நொச்சிப் பூவைச் சூடிய அணி.

எதிரணி நண்பர் 1805-இல் ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளை நெப்போலியன் வென்ற ஆஸ்டர்லிட்ஸ் போரைக் காட்டி, நெப்போலியனின் வெற்றி பாய்ச்சலின் வெற்றி என்றார். இறுதி அடி பாய்ச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் பிராட்சன் மேட்டைத் தாமே விட்டிறங்கி, வலப்பக்கத்தை மெலிந்ததாகக் காட்டி, எதிரியை முதலில் தாக்க வைத்தவரும் அதே நெப்போலியன்தானே? அதுவும், நூறு கெஜத்துக்கு அப்பால் குறி தவறும் துப்பாக்கிகளின் காலம். 1840-களின் இறுதியில் எளிதாகக் கெட்டிக்கக்கூடிய மினியே குண்டு வந்தபின், குழலின் உட்புறம் சுருள்வரி வெட்டிய மரைகுழல் துப்பாக்கி (ரைஃபிள்) சாதாரணக் காலாள் வீரனின் கைக்கு வந்தது. குறி தவறாத தொலைவு மூன்று மடங்கு நீண்டது. அந்த வெளி முழுவதையும் தாக்குகிறவன் நிமிர்ந்தபடி கடக்க வேண்டும். காப்பவன் மறைவில் நின்று நிதானமாகச் சுடலாம்.

1862 டிசம்பர் 13 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரின் பிரெடரிக்ஸ்பர்க் களத்தில் நடந்தது இதுதான். மேட்டின் அடியில் பள்ளமான ஒரு சாலை, அதன் ஓரம் ஒரு கற்சுவர். தென்மாநில வீரர்களில் முன்வரிசையினர் சுடச்சுட, பின்வரிசையினர் துப்பாக்கிகளைக் கெட்டித்து நீட்டிக்கொண்டே இருந்தார்கள். வடமாநிலப் படை அலையலையாக ஏறி வந்தும் சுவரைப் பிடிக்க முடியவில்லை. அந்தப் போரில் வடக்கின் இழப்பு 12,000-க்கும் மேல். தெற்கின் இழப்பு அதில் பாதிகூட இல்லை. அன்றிரவு கடுங்குளிரில், உயிரோடிருந்தவர்கள் இறந்த தோழர்களின் உடல்களை மறைவாக வைத்துப் படுத்திருந்தார்கள். தாக்க வந்தவனும் கடைசியில் ஓர் அரணைத்தான் தேடினான் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

‘பிளெவ்னா வீழ்ந்ததே, தற்காப்பு எதைக் காத்தது?’ என்று நண்பர் கேட்டார். என் வாதத்தின் உயிரே அந்த ஊர்தான். ரஷ்ய-துருக்கியப் போரில், 1877 ஜூலையில், துருக்கியத் தளபதி உஸ்மான் பாஷா கோட்டையில்லாத அந்தப் பல்கேரிய ஊருக்குள் நுழைந்து, சுற்றிலும் மண்மேடுகளையும் பதுங்குகுழிகளையும் வெட்டச் செய்தார். ஜூலையில் இரண்டு முறை மோதி ரஷ்யர்கள் தோற்றார்கள். செப்டம்பரில் ருமேனியர்களையும் சேர்த்துக்கொண்டு மூன்றாம் முறை மோதியபோது, அவர்கள் தரப்பில் செத்தும் காயமுற்றும் வீழ்ந்தவர்கள் 15,000-க்கும் மேல். கையில் மிஞ்சியது கிரிவிட்சாவின் ஒரு மண்கோட்டை. பால்கன் மலைகளைத் தாண்டத் துடித்த ஒரு பேரரசின் படையை ஏறத்தாழ ஐந்து மாதங்கள் அந்த மண் கட்டிப்போட்டது.

பிறகு ரஷ்யர்கள் யாரை அழைத்தார்கள் தெரியுமா? இருபதாண்டுகளுக்கு முன், கிரிமியப் போரில், செவஸ்தபோல் துறைமுக நகரின் அரண்களை அமைத்த பொறியாளர் டோட்லெபெனை. அவர் நான்காம் தாக்குதலுக்கு ஆணையிடவில்லை; ஊரைச் சுற்றிப் படையை வளைத்து நிறுத்தி, அகழிகளை வெட்டச் சொல்லி, உணவு தீரும்வரை காத்திருந்தார். ஆகவே பிளெவ்னாவை வீழ்த்தியது பசி. ஈட்டிமுனைப் பாய்ச்சல் அல்ல.

நடுவர் அவர்களே, டிசம்பர் 10 அன்று உஸ்மான் பாஷா தம் குழிகளை விட்டு வெளியேறி, வீட் ஆற்றைக் கடந்து முற்றுகையை உடைக்கப் பாய்ந்தார். முதல் வரிசை அகழிகளைப் பிடித்தார். அதற்குமேல் நகர முடியவில்லை. காலில் காயம்பட்டு அன்றே சரணடைந்தார். மாதக்கணக்கில் காத்துத் தோற்காதவர், தாக்கிய ஒரே நாளில் தோற்றார்.