கோழி கேட்க வந்தீங்களா?

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். இந்தோனேசியாவில லொம்போக் தீவு. அங்க சாசாக் மக்களோட மெராரிக், அதாவது உடன்போக்குத் திருமணம், பெண்ணுக்குப் பெருமையா சிறுமையான்னு கேட்டிருக்கீங்க. பெருமைதான்.

எதிரணி அக்கா என்ன சொன்னாங்க? "ராத்திரியில பொண்ணைக் கூட்டிட்டுப் போறவன் கோழித் திருடன்!" பச்சைச் சட்டை அண்ணன் ரெண்டு தடவை கை தட்டினார். அக்கா, ஒரு சாசாக் பெரியவர்கிட்டப் போய் "உங்க பொண்ணைக் கொடுங்க"ன்னு கேளுங்க. "என் பொண்ணு என்ன கோழிக்குஞ்சா, கேட்டு வாங்கிட்டுப் போக?"ன்னு சீறுவார். அங்க கேட்கிறவன்தான் கோழி வாங்க வந்தவன். கூட்டிட்டுப் போறவன் மாப்பிள்ளை! இப்பத் தட்டுங்கண்ணே.

திருட்டுன்னா உடமைக்காரனுக்குச் சேதி சொல்வானா? அவன் பொண்ணைச் சொந்தக்காரர் வீட்டில விட்டுட்டு, ஊர்த்தலைவர் மூலமா "உங்க பொண்ணு பத்திரமா இருக்கா"ன்னு சொல்லி அனுப்பணும். அதுக்குச் செலாபார்னு பேர். அப்புறம் பெண் வீட்டார் சம்மதத்தோட நிக்காஹ். பின்னாடி சொரோங் செரான்னு ஒரு சடங்கு. ரெண்டு வீட்டுக்கும் பெம்பாயுன்னு பேச்சாளர்கள், பாட்டும் வாதமுமா மோதுவாங்க. நம்ம தொழில்தாங்க. அவங்களுக்கு மணி அடிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

சின்னப் பிள்ளைங்களும் ஓடுதேன்னார் எதிரணித் தம்பி. நியாயம். 2019ல பெண்ணோட திருமண வயதை 16லிருந்து 19 ஆக்கிட்டாங்க. அதை மீறுறவனுக்கு நான் வக்கீல் இல்லை.

லொம்போக்ல எங்க வண்டி ஓட்டினவர் கதையைக் கேளுங்க. அவரும் ஓடிப்போனவர்தான். பொண்ணு வீட்டுக் கதவு தொட்டாலே கிறீச்... தெருவே முழிக்கும். பொண்ணு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளுறா. கிறீ... இல்லை! இன்னும் தள்ளுறா. சத்தமே இல்லை! "அன்னைக்குக் கடவுள் என் பக்கம்"னு மனுஷன் மார் தட்டுறார்.

மணி அடிச்சாச்சு, தெரியுது ஐயா. அரை நிமிஷம்.

பன்னிரண்டு வருஷம் கழிச்சு மாமியார் சொன்னாங்களாம். அன்னைக்குச் சாயங்காலம் பொண்ணோட அப்பா ஒரு கிண்ணத்தில தேங்காய் எண்ணெயும் ஒரு கோழியிறகும் எடுத்துட்டுப் போனார். ஆமா அக்கா, கோழியிறகு. கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் தடவினார். "எதுக்கு?"ன்னு கேட்டதுக்கு, "ராத்திரியில சத்தம் போடுது"ன்னார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், விடியற வரைக்கும் தூங்கலையாம்.