படத்தில் இல்லாத ஆள்

நேயர்களுக்கு வணக்கம்.

இளைஞர்களும் உடையும் என்று பொதுவாக ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். பொதுவாகப் பேச எனக்கு வராது. தையல் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவள் நான். ஒரு சட்டையைக் கையில் எடுத்தால்தான் பேச்சே வரும். அதனால் ஒரே ஒரு உடையை எடுத்துக்கொள்கிறேன். ஜப்பானில், முக்கியமாக டோக்கியோவில், பள்ளிக்கூட வயதுப் பெண்களும் அதைத் தாண்டிய பெண்களும் சில வருஷங்களாக விரும்பி அணிகிற உடை. ஜிராய்கேய் என்பார்கள். ஜிராய் என்றால் கண்ணிவெடி. எப்போது வெடிப்பாள் என்று சொல்ல முடியாத பெண் என்று கேலிக்கு வைத்த பெயர். பெண்கள் அதையே எடுத்துத் தங்கள் உடைக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

ரேடியோவில் படம் காட்ட முடியாது, சொல்லித்தான் காட்ட வேண்டும். வெளிர் ரோஸ் நிறத்தில் மேல்சட்டை. வட்டக் காலர், அதைச் சுற்றிச் சுருக்கு வைத்த லேஸ், கழுத்தடியில் கறுப்பு ரிப்பன். கீழே கறுப்புக் குட்டைப் பாவாடை. காலில் மூன்று விரல் கனத்துக்கு அடித்தட்டு வைத்த ஷூ. முடியை இரண்டு பக்கமும் தூக்கிக் கட்டியிருப்பார்கள். பையில் குரோமி, மை மெலடி என்று ஏதாவது முயல் பொம்மை தொங்கும். கையில் ரோஸ் நிற எனர்ஜி டிரிங்க் டப்பா, அதில் ஒரு ஸ்ட்ரா. உதட்டுச் சாயம் கலையக் கூடாதே!

முகத்தைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அழுத முகத்தோடு வெளியே போக நேர்ந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? முகம் கழுவி, பவுடர் போட்டு, மை இட்டு மறைப்போம். இந்தப் பெண்கள் கீழிமைக்கு அடியில் சிவப்புச் சாயத்தைத் தடவி, இப்போதுதான் அழுது ஓய்ந்த மாதிரி கண்ணை ஆக்கிக்கொள்கிறார்கள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷால், அத்தனை பொறுமையாக.

இதைப் போடுகிற எல்லாரும் துயரத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆங்க் ரூஜ், டியர் மை லவ் என்றெல்லாம் இதற்கென்றே கம்பெனிகள் உண்டு. பிடித்துப்போய் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு கேக் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் டோக்கியோவின் ஷிஞ்சுகு பகுதியில் காபுகிச்சோ என்று ஒரு கேளிக்கைப் பேட்டை இருக்கிறது. அங்கே 2015இல் தோஹோ சினிமா கம்பெனியின் பெரிய கட்டடம் ஒன்று திறந்தது. அதன் மேலே காட்ஸில்லாவின் தலை எட்டிப் பார்க்கும். அந்தக் கட்டடத்தின் பக்கத்துச் சந்திலும், ஒட்டியிருக்கிற திறந்தவெளியிலும் சில வருஷம் கழித்து, வீட்டை விட்டு வந்த பிள்ளைகள் கூட ஆரம்பித்தார்கள். தோயோகோ பிள்ளைகள் என்று பெயர் வந்தது. கொரோனா வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்ட சமயத்தில் கூட்டம் பெருத்தது. 13, 14 வயதுப் பிள்ளைகள்கூட அதில் உண்டு. பலர் உடுத்தியிருந்தது நான் சொன்ன இந்த உடைதான். பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். முகத்தை மங்கலாக்கி, லேஸையும் ரிப்பனையும் பளிச்சென்று காட்டுகிற படங்கள் வெளிவந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். படத்தில் பெண் இருக்கிறாள். அவளைத் தேடி அங்கே வருகிற ஆள் இல்லை. இதை இன்று இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் டோக்கியோவில் இருந்த காலம். ஒரு சாயங்காலம் அந்தத் திறந்தவெளியைக் கடந்து போகிறேன். சுவர் ஓரமாக ஒரு பெண், சக்கரம் வைத்த பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோளில் லேஸ் பிரிந்து தொங்குகிறது. சேஃப்டி பின் குத்தப் பார்க்கிறாள், துணி வழுக்குகிறது. பாலியெஸ்டர், அப்படித்தான் வழுக்கும். எனக்குக் கை பரபரத்தது. என் கைப்பையில் ஊசியும் நூலும் இல்லாத நாளே கிடையாது. என் ஜப்பானியமோ கடைக்குப் போய் வருகிற அளவு ஜப்பானியம். காட்டும்மா, தைத்துத் தருகிறேன் என்று அதிலேயே சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உடம்பில் இருக்கிற துணியை அப்படியே தைக்கக் கூடாது என்பாள் என் பாட்டி. ஜப்பானில் அந்தச் சாஸ்திரம் செல்லாது என்று வைத்துக்கொண்டேன்.

லேஸ் நல்ல லேஸ்தான். உள்பக்கம்தான் மோசம். தையலுக்கு விட்ட துணி அரை விரல்கூட இல்லை, ஓட்டித் தள்ளியிருக்கிறார்கள். அதே இடத்தில் முன்பே கையால் தைத்த தடம் இருந்தது. ஒரு தடவை வெள்ளை நூலில், ஒரு தடவை நீல நூலில். மாற்றிக்கொள்ள இன்னொரு சட்டை இல்லாதவள் என்று தையல் தெரிந்த யாருக்கும் புரிந்துவிடும்.

பாதித் தையல் போட்டிருப்பேன், ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயது சொல்லலாம். கறுப்புக் கோட்டு, ஆபீஸ் பை, மடக்கிய குடை. அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகியிருந்தார், கயிறு மட்டும் வெளியே தெரிந்தது. என்னைப் பார்த்தார், என் கையில் ஊசியைப் பார்த்தார், பொருட்படுத்தவே இல்லை. அவளிடம் தாழ்ந்த குரலில் ஒரு தொகையைச் சொன்னார். சந்தையில் கத்தரிக்காய் விலை கேட்கிற அதே குரல். அவள் நிமிரவில்லை. மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவர் குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு, ஆமாம், வணக்கம் வைத்துவிட்டு, அடுத்த பெண்ணிடம் போனார். நான் முடிச்சுப் போட்டு நூலைக் கடிப்பதற்குள் இன்னொருவர் வந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகக் கூடாதா என்று கேட்டேன். வீட்டில் தூக்கம் வராது என்றாள். இங்கே வருமா என்றேன். இங்கே தூங்கவே வேண்டாமே என்றாள். இரண்டு கையாலும் எனக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

இது புதுசு என்று நினைக்காதீர்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே டோக்கியோவில், ஷிபுயா பகுதியில், கோகியாரு என்று ஒரு கூட்டம். பள்ளிக்கூடப் பெண்கள்தான். பாவாடையை இடுப்பில் சுருட்டிச் சுருட்டிச் செருகிக் குட்டையாக்குவார்கள். ஊர் கிட்டே வந்ததும் இறக்கிவிட்டுக்கொள்வார்கள். இந்த வித்தையை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, கேட்கிற அம்மாக்களுக்குத் தெரியும். காலில் கணுக்கால் வரை தொளதொளவென்று மடிந்து விழும் வெள்ளை சாக்ஸ். அது நழுவாமல் இருக்கக் கெண்டைக்காலில் ஒரு பசையை உருட்டித் தடவுவார்கள். அதைக் கடையில் தனியாகவே விற்றார்கள்! பாடகி அமுரோ நாமியேவைப் போல முடி, புருவம், உயர்ந்த பூட்ஸ். செல்போன் பரவாத காலம், எல்லார் கையிலும் பேஜர். எண்களாலேயே பேசிக்கொள்வார்கள். 0840 என்று அனுப்பினால் காலை வணக்கம். 3341 என்றால் தனியாக இருக்கிறேன், மனசு சரியில்லை.

அப்போதும் பத்திரிகைகள் இந்த சாக்ஸைத்தான் படம் எடுத்தன. பள்ளி மாணவிகள் பணத்துக்காகப் பெரிய ஆண்களோடு போகிறார்கள் என்று ஒரே கூச்சல். எஞ்ஜோ கோசாய், அதாவது உதவி செய்து பழகுவது என்று நாசூக்காக ஒரு பெயரும் வைத்தார்கள். 1996இன் பிரபலச் சொற்கள் பட்டியலிலேயே அது ஏறிவிட்டது. நிஜத்தில் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகாதவர்கள்.

சரி, போனவர்கள் எப்படிப் போனார்கள்? டெலிபோன் கிளப் என்று ஒரு வியாபாரம் 1985 வாக்கில் இதே காபுகிச்சோவில் முளைத்தது. சின்னச் சின்னத் தடுப்பறை, ஆளுக்கு ஒரு டெலிபோன். ஆண் காசு கட்டி உட்கார்ந்து மணி அடிக்கக் காத்திருப்பான். பெண்ணுக்கு அழைப்பு இலவசம். அந்த நம்பரை அச்சடித்த டிஷ்யூ பாக்கெட்டை ரயில் நிலைய வாசலில் சும்மா கொடுப்பார்கள், பள்ளிக்கூடப் பெண்ணின் கையிலும் திணிப்பார்கள். யோசித்துப் பாருங்கள். வாடகைக்கு இடம் பிடித்து, லைன் இழுத்து, பாக்கெட் அச்சடித்து, ஆள் வைத்து விநியோகித்து ஒரு தொழிலே நடக்கிறது. பேச்செல்லாம் சாக்ஸைப் பற்றி! 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைப் பணம் கொடுத்து வாங்குகிறவனைத் தண்டிக்க நாட்டுக்கே பொதுவாக ஒரு சட்டம் வர 1999 ஆயிற்று. படத்தில் பெண் இருந்தாள், ஆள் இல்லை.

மறுபடி காபுகிச்சோவுக்கு வருகிறேன். படத்தில் இல்லாதது இன்னொன்று, வீடு. ஜப்பானில் குழந்தைகள் நல மையங்களுக்கு வருகிற கொடுமைப் புகார்கள் இப்போது வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல். 2023 கல்வியாண்டில் பள்ளிக்குப் போகாமல் நின்ற தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 3,46,482 பேர். மொத்தத் தற்கொலைகள் குறைந்துவருகிற நாட்டில், பள்ளி மாணவர் தற்கொலை மட்டும் கூடி, 2024இல் 529 ஆனது. அதுவரை எடுத்த கணக்குகளில் அதுதான் அதிகம். இந்தப் பிள்ளைகளில் சிலர்தான் ரயில் ஏறிக் காபுகிச்சோ வருகிறார்கள். போலீஸ் என்ன செய்கிறது? டோக்கியோவில் 18 வயதுக்குட்பட்டவர் இரவு 11 மணிக்கு மேல் வெளியே சுற்றக் கூடாது. ஆகவே பிடித்து, விசாரித்து, பெற்றோரைக் கூப்பிட்டு ஒப்படைக்கிறார்கள். எந்த வீட்டுக்கு? ஓடி வந்த வீட்டுக்கேதான். சில நாளில் அதே பெட்டியோடு அதே சுவருக்குத் திரும்பிவிடுகிறது பிள்ளை.

அங்கே வந்தவர்களுக்கு மருந்துக்கடை மாத்திரை பழக்கமாகிறது. கடத்தல் சரக்கு எதுவும் இல்லை, சளி இருமலுக்கு நாம் வாங்குகிற ரகம்தான், சீட்டு இல்லாமலே கிடைக்கும். மனசு கொஞ்ச நேரம் மரத்துப்போக அளவு மீறி விழுங்குகிறார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 2021இல் எடுத்த நாடு தழுவிய கணக்கில், அந்த ஒரு வருஷத்துக்குள் இப்படிச் செய்தவர்கள் 60 பேருக்கு ஒருவர். அப்படியானால் வகுப்புக்கு ஒருவர் இல்லையென்றாலும் இரண்டு வகுப்புக்கு ஒருவர். லேஸ் சட்டைக்காரிகள் மட்டும் என்று நினைக்க இடமில்லை.

நல்லவராக வருகிறவரையும் நம்ப முடியாது என்பது அதைவிடக் கொடுமை. அங்கே சோறு கொடுத்து, தெருவைக் கூட்டி, பிள்ளைகளுக்கு அண்ணன் போல் இருந்த ஒரு குழுவின் தலைவரே, ஒரு சிறுமியிடம் தவறாக நடந்ததாக 2022இல் கைதானார்.

அடுத்தது ஹோஸ்ட் கிளப். காபுகிச்சோவில் மட்டும் சுமார் 300 என்கிறார்கள். அழகாக முடி வெட்டிய பையன்கள் பெண் வாடிக்கையாளருக்கு மது ஊற்றி, பேசி, கேட்டு, நீதான் எனக்கு எல்லாம் என்பார்கள். முதல் தடவை சில ஆயிரம் யென்தான். பிறகு அவனுடைய பிறந்தநாள் வரும். ஷாம்பெயின் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி ஊற்றுவார்கள், லட்சக்கணக்கான யென். கையில் இல்லையா, பரவாயில்லை, கணக்கில் எழுதிக்கொள்கிறேன் என்பான். இந்தக் கடனைக் கூர்ந்து கவனியுங்கள். மாத முடிவில் அவள் கட்டாவிட்டால் கிளப்புக்கு அவன் கட்ட வேண்டும். அதனால் நேற்று வரை காதலனாகப் பேசியவன் இன்று வசூல்காரனாகிறான். அழுகிறவளுக்கு வேலை காட்ட ஒரு தரகன் தயாராக நிற்பான். உடலை விற்கிற கடையில் அவளைச் சேர்த்துவிடுவான், அவள் சம்பாதிப்பதில் அவனுக்குப் பங்கு. கடைக்குப் போகாதவள் பக்கத்தில் இருக்கிற ஓகுபோ பூங்கா ஓரம் நிற்கிறாள். 2023இல் அங்கே நின்ற குற்றத்துக்குக் கைதான பெண்கள் 140 பேர். பத்தில் நாலு பேர் ஹோஸ்டுக்கும் மேடையில் பாடி ஆடுகிற பையன்களுக்கும் பணத்தைக் கொட்டுவதற்காக நின்றவர்கள்.

கைதான பெண்கள் என்றேன். ஆண்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். 1956இல் போட்ட சட்டம், தெருவில் நின்று அழைக்கிறவளுக்குத்தான் தண்டனை வைத்தது. வாங்குகிற ஆணுக்கு, அவள் வயது வந்தவளாக இருந்தால், தண்டனை என்று எதுவும் அதில் எழுதவில்லை. பத்திரிகைப் படத்தில் மட்டும் இல்லை, சட்டப் புத்தகத்திலும் அந்த ஆளைக் காணோம்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். மாறியதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல நினைத்து வந்தேன். ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். உடலுறவுக்குச் சம்மதிக்கும் வயது 1907 முதல் 13 என்று இருந்தது, 2023இல் 16 ஆக்கினார்கள். 2024 மே மாதம் டோக்கியோ அரசு காபுகிச்சோவிலேயே கிமிமாமோ என்று ஓர் இடம் திறந்தது. பிள்ளைகள் சும்மா வந்து உட்காரலாம், வேண்டுமானால் ஆலோசகரிடம் பேசலாம். 2025 ஜூன் முதல், காதலைக் காட்டிக் கடன் ஏற்றுவதும், கடனைக் காட்டி உடலை விற்கச் சொல்வதும், தரகனுக்குப் பங்கு கொடுப்பதும் சட்டப்படி கூடாது. தெருவில் ஹோஸ்ட்களின் விளம்பரப் பலகைகளில் வருமானப் பெருமையெல்லாம் கறுப்புப் பட்டை ஒட்டி மறைக்கப்பட்டது. வாங்குகிறவரையும் தண்டிப்பது பற்றி ஆராயும்படி பிரதமர் சானே தகாயிச்சி அந்த வருஷம் நவம்பரில் நீதித்துறை அமைச்சரிடம் சொன்னார். கிமிமாமோவில் என்ன சிக்கல் வந்தது என்பதையும் குறித்து வைத்திருந்தேன், அதை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.