மடியில் கனமில்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும் லண்டன் இல்ஃபோர்ட் அரங்கை நிறைச்சிருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நேரம் கம்மி. விஷயத்துக்கு வந்துடறேன்.

எங்கேயோ நடக்கிற பயங்கரவாதத்தை இங்க குடியேறின முஸ்லிம்கள் பொதுவில கண்டிச்சே ஆகணும், அது கடமைன்னு எதிரணித் தம்பி பேசினார். அழகாத்தான் பேசினார். கடைசியில ஒரு பழமொழியை வீசினார் பாருங்க: "மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்? கண்டிச்சுட்டுப் போக வேண்டியதுதானே!" நீங்களும் கை தட்டினீங்க.

தம்பி, மடியில கனமும் இல்லை, மனசில பயமும் இல்லை. ஆனா ஒரே வழியில நூறு பேர் நடக்கிறோம். வழிமறிச்சு நிக்கிறவர் என் மடியை மட்டும் ஏன் தடவிப் பாக்குறார்? நேத்துப் பாத்தார், ஒண்ணுமில்லை. இன்னைக்கும் பாக்குறார். நாளைக்கு என் மகள் வருவா, அவளையும் நிறுத்துவார். சோதனைச்சாவடியில அடையாள அட்டையோட வரிசையில நின்ன ஈழத்து உறவுகள் இந்த அரங்கில இருக்கீங்க. ஒரு தப்பும் பண்ணாதவன் அந்த வரிசையில எப்படிக் குறுகிப்போய் நிப்பான்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

நான் வேலை பாக்குற கிடங்குல ஒரு பெரியவர். இந்த நாட்டுக்காரர், தங்கமான மனுஷர். என் சின்னவ பிறந்தப்ப அவர் சம்சாரம் கம்பளிச் சட்டை பின்னிக் கொடுத்தாங்க. 2013-ல இங்க லண்டன் வூலிச்ல, இஸ்லாம் பேரைச் சொல்லி ஒரு சிப்பாயை நடுத்தெருவில வெட்டிக் கொன்னாங்க. மறுநாள் டீ நேரம். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிர்ல உக்காந்தார். "நீ இதைக் கண்டிக்கிறேதானே?" "கண்டிக்கிறேன் ஐயா." டீ ஆறிப்போச்சு.

2015 நவம்பர், பாரிஸ்ல 130 உயிர். டீ நேரம். அதே நாற்காலி. "கண்டிக்கிறேதானே?" "கண்டிக்கிறேன் ஐயா." டீ ஆறிப்போச்சு.

2017 மே, மான்செஸ்டர். பாட்டுக் கேக்கப் போன பிள்ளைங்களையும் சேர்த்து 22 பேர். எனக்கு ராத்திரி பூரா தூக்கமில்லை, என் பெரியவளுக்கும் அந்த வயசுதான். மறுநாள் நாற்காலி இழுக்குற சத்தம் கேட்டுச்சு. அவர் வாயே திறக்கலை, அதுக்குள்ள நான் "கண்டிக்கிறேன் ஐயா"ன்னுட்டேன். நடுவர் அவர்களே, அந்தப் பிள்ளைகளுக்காக ராத்திரி நான் அழுதது சத்தியம். ஆனா காலையில என் வாயிலேர்ந்து வந்தது பள்ளிக்கூடத்துல சொல்ற "உள்ளேன் ஐயா"!

இப்ப கேளுங்க. 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூஸிலாந்து கிறைஸ்ட்சர்ச். ஜும்ஆ தொழுகைக்குப் போனவங்களை ரெண்டு பள்ளிவாசல்ல சுட்டான், 51 பேர் போயிட்டாங்க. டீ நேரம். பெரியவர் வந்தார். நாற்காலியை இழுக்கலை. நின்னார். கோப்பை பிடிச்ச கை நடுங்குது. சுட்டவன் அவர் நிறம். நான் கேப்பேன்னு நினைச்சிருக்கார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உக்காருங்க ஐயா, டீ ஆறுது." அந்தக் கொலைகாரனுக்கும் இந்த மனுஷனுக்கும் என்ன சம்பந்தம்? இவரை நான் எதுக்குக் கேக்கணும்? அன்னைக்கப்புறம் அவரும் என்னைக் கேக்கலை.

கண்டிக்கவே இல்லைங்கறார் தம்பி. 2005 ஜூலை 18-ல இதே லண்டன்ல நாடாளுமன்றத்துக்கு வெளிய நின்னு, 500 உலமாக்களுக்கு, மார்க்க அறிஞர்களுக்கு மேல ஒப்புக்கிட்ட ஃபத்வாவை, மார்க்கத் தீர்ப்பை வாசிச்சாங்களே, தற்கொலைத் தாக்குதல் ஹராம்னு! யார் காதுல விழுந்துச்சு? 2015 ஜனவரியில பாரிஸ்ல யூதர்கள் கடைக்குள்ள துப்பாக்கியோட ஒருத்தன் புகுந்தப்ப, அங்க வேலை பாத்த மாலி நாட்டு முஸ்லிம் லசானா பாத்திலி, வாடிக்கையாளர்களைக் குளிரறையில ஒளிச்சு வச்சார். அவர் அறிக்கை விடலை தம்பி. கதவைச் சாத்தினார்.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே, ஒரு நிமிஷம். 2005 ஜூலை 7. லண்டன்ல குண்டு வெடிச்ச நாள். மூணு ரயில், ஒரு பஸ், 52 பேர். செத்தவங்கள்ல முஸ்லிம்களும் உண்டு. நான் அன்னைக்கு வேலைக்குப் போய்க்கிட்டிருந்தேன். வைட்சாப்பல்ல ரயிலை நிறுத்தி இறக்கி விட்டுட்டாங்க. செல்போன்ல லைன் கிடைக்கலை. ஈஸ்ட்ஹாம்ல இருக்கிற வீடு வரைக்கும் ரெண்டு மணி நேரம் நடந்தேன். கதவைத் திறக்கிறேன், வீட்டு போன் அடிக்குது. கீழக்கரையிலேர்ந்து எங்க உம்மா. காலையிலேர்ந்து அடிச்சுக்கிட்டே இருந்திருக்காங்க. "வாப்பா... வந்துட்டியா வாப்பா..." அதுக்கு மேல பேச்சு வரலை அவங்களுக்கு. செருப்பைக்கூடக் கழட்டாம மாடிப்படியில உக்காந்து நானும் அழுதேன்.

மறுநாள்லேர்ந்து கண்டிக்கிறியா, கண்டிக்கிறியான்னு எத்தனையோ பேர் கேட்டாங்க. பத்திரமா வீடு வந்து சேந்தியான்னு கேட்டது எங்க உம்மா ஒருத்திதான். உம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு.

நன்றி. வணக்கம்.