ஒரு கேன் மண்ணை எடுத்து வையுங்கள்

விழாத் தலைவர் அவர்களே, பள்ளி வளாகத்தைத் தந்துதவிய தலைமையாசிரியர் அம்மா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியப் பெருமக்களே, இடமில்லாமல் வேப்பமரத்தடியில் நிற்கும் தம்பி தங்கையரே, அனைவருக்கும் வணக்கம். ஒலிபெருக்கி போட்டவரையும் பந்தல்காரரையும் யாரும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்; அவர்களுக்கும் வணக்கம்.

கற்கருவிகளோடு மாடு வளர்த்துப் பயிர் செய்யத் தொடங்கிய புதிய கற்கால மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி மூன்று செய்திகள் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. தொழுவம், அடுப்பு, வீடு. ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நமக்கெல்லாம் தெரிந்த மொழி. தொல்லியலுக்கு இது பாதி சரி, பாதி தப்பு. ஏன் தப்பு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் தொழுவம். கர்நாடகத்தில் பெல்லாரிக்குப் பக்கத்தில் குடதினி என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய சாம்பல் மேடு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னைப் படையிலிருந்த நியூபோல்டு என்ற அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, ‘இது என்னய்யா?’ என்று ஊராரை விசாரிக்கிறார். ‘பீமன் இடும்பனைக் கொன்று எரித்தானே, அந்தச் சாம்பல்தான்’ என்கிறார்கள். சாம்பலின் அளவைப் பார்த்தால் இடும்பன் கொஞ்சம் பருமன்தான்! வந்த அறிஞர்களும் சளைக்கவில்லை. பிணங்களை மொத்தமாக எரித்த இடம் என்றார் ஒருவர். இரும்பு உருக்கிய கசடு என்றார் இன்னொருவர். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மேட்டுக்குள் கண்ணாடி போல் உருகி இறுகிய கட்டிகள் உண்டு. கையில் எடுத்தால் கசடு போலவே இருக்கும். பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடாரி கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர், அவர்தான் ‘இது எரிந்த மாட்டுச் சாணம்’ என்று சொன்னவர். சாணி மலையா என்று பலர் நம்பவில்லை. 1957-இல், இன்றைய தெலங்கானாவிலுள்ள உட்னூரில் இப்படி ஒரு சாம்பல் மேட்டை ஆல்சின் என்ற தொல்லியலாளர் தோண்டினார். பட்டிக்கு வேலி நட்ட கம்பக்குழிகள் வந்தன. கூடவே மாட்டுக் குளம்பின் தடம்! நாலாயிரம் ஆண்டுக்கும் முன்னால் சகதியில் மிதித்த குளம்பு. 1960-இல் சாய்னர் என்ற ஆய்வாளர் அந்தக் கண்ணாடிக் கட்டிகளை ஆராய்ந்து சாணம்தான் என்று உறுதி செய்தார். புல்லில் இயல்பாகவே மணல் சத்து உண்டு. சாணக் குவியல் கடும் சூட்டில் எரியும்போது அது உருகிக் கட்டியாகிவிடும். இப்போது இத்தகைய மேடுகள் நூற்றுக்கும் மேல் தெரியும்.

இங்கேதான் சங்கடம். மேடும் மாட்டெலும்பும் கண்ணை நிறைக்கின்றன. உடனே ‘இவர்கள் மாடு மேய்த்தார்கள், இறைச்சி தின்றார்கள்’ என்று எழுதி முடித்துவிட்டோம். ஒரு சோறு பதம் பார்த்தோம். ஆனால் கைக்கு வந்த சோறு பெரிய சோறு! தோண்டிய மண்ணைச் சலிக்கும் 5 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் எலும்பு நிற்கும், பாசிமணி நிற்கும். சிறுதானியம் நிற்குமா? அத்தனையும் கீழே கொட்டிப் போகும்.

ரவி கோரிசெட்டர், டோரியன் ஃபுல்லர் முதலான தொல்லியலாளர்கள் கர்நாடகத்தின் சங்கனகல்லு, ஹல்லூர் போன்ற இடங்களின் மண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார்கள். மிதந்து வந்தவை கொள்ளு, பாசிப்பயறு, கன்னடத்தில் கொரலெ என்கிற குலசாமை, தினைக்கு உறவான இன்னொரு சிறுதானியம். சில ஊர்களில் கொஞ்சம் கோதுமை, வாற்கோதுமை. தொழுவத்துக்குப் பக்கத்திலேயே அடுப்பு எரிந்திருக்கிறது. இதோ நம் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையம்பள்ளியிலும் 1960-களின் அகழாய்வில் கருகிய கொள்ளும் பாசிப்பயறும் வந்திருக்கின்றன.

வெந்த கொள்ளு நமக்குக் கிடைக்காது. அது வயிற்றுக்குப் போய்விட்டது. வறுக்கும்போது தெறித்து, காற்றுப் படாமல் சாம்பலுக்குள் விழுந்து கருகிய கொள்ளுதான் மிஞ்சும். நெருப்பு நன்றாகப் பிடித்தால் அதுவும் சாம்பல். கருகாத விதை வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது எறும்பு இழுத்துப் போட்டது, எலி சேர்த்தது.

மண்ணைக் கரைத்து விதை எடுக்கும் செய்முறை எளிது. ஒவ்வொரு மண்ணடுக்கிலிருந்தும், ஒவ்வொரு அடுப்பிலிருந்தும், குழியிலிருந்தும் தனித்தனியே 20 லிட்டர் மண். உங்கள் வீட்டுத் தண்ணீர் கேன் அளவு, அவ்வளவே. பையின் உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, பென்சிலால் எழுதியது. பேனா மை நனைந்தால் கரையும், பிறகு அந்த மண் எந்த ஊர் மண்ணோ. மண்ணை நிழலில் உலர்த்துங்கள். ஈரக் களிமண் கட்டி உடையாது, உள்ளிருக்கும் விதையும் வெளிவராது. வாளியில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர். கையால் மெதுவாகக் கலக்குங்கள். மத்துப் போட்டுக் கடைந்தால் கரி நொறுங்கும். சில நொடி பொறுத்து, மிதப்பதை மட்டும் 0.5 மி.மீ. அல்லது அதைவிடச் சிறிய கண்ணுள்ள வலைத்துணியில் சாய்த்து ஊற்றுங்கள். கரி வருவது நிற்கும்வரை நாலைந்து தடவை. துணியை முடிச்சுப் போட்டு நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டீர்களோ, கரி வெடித்துவிடும். அடுத்த மண்ணுக்கு முன் துணியை உதறிக் கழுவாவிட்டால் கி.மு. 1800-இன் கொள்ளு கி.மு. 1200-க்குக் குடிபோய்விடும்! அடியில் தங்கியதையும் கொட்டாதீர்கள். மீன்முள்ளும் சிறு மணியும் அதில்தான் இருக்கும்.

‘பழைய கொள்ளைக் கண்டு என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. காட்டுக்கொள்ளின் தோல் தடிப்பு. விதைத்தால் எளிதில் முளைக்காது. மனிதன் விதைத்து அறுக்க அறுக்கத் தோல் மெலிந்தது. அது படிப்படியாக மெலிந்ததை, அகழாய்வில் வந்த கருகிய விதைகளை உடைக்காமலே ஊடுகதிரில் அளந்து 2017-இல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு விதை இருந்தால் ஒரு காலத்தைத்தான் அளக்கலாம்; மெலிந்த கதையைச் சொல்ல முடியாது. ஒரு சோறு போதாது என்றேனே, இதற்குத்தான். பானைக்கு ஒரு சோறு சரி, ஆனால் எத்தனை பானை?

மூன்றாவது வீடு. புனே மாவட்டத்து இனாம்காவில் கல்லோடு செம்பும் புழங்கிய செம்புக்கற்கால வீடுகள் நூற்றுக்கும் மேல் வெளிவந்தன. முதலில் பெரிய நீள்சதுர வீடுகள், பிற்காலத்தில் வட்டக் குடிசைகள். இதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். அவர் சீட்டுக்கு மதிப்புக் கொடுக்கிறேன்.

ஆனால் தீர்மானத்தைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். எங்கே குழி போட்டாலும், அடுக்குக்கு ஒரு கேன் மண் கரைத்துப் பார்க்கப்பட வேண்டும். அறிக்கையில் சல்லடைக் கண்ணின் அளவு அச்சிடப்பட வேண்டும். கிரீடம் கிடைத்தால் மேடை போடுகிறோம், கொள்ளு கிடைத்தால் கூட்டித் தள்ளுகிறோம். மேடையிலுள்ள பெரியவர்கள் கையெழுத்திட்டு மேலிடத்துக்கு அனுப்பித் தர வேண்டுகிறேன்.

கிணற்றடியில் இரண்டு வாளியும் ஒரு கேன் மண்ணும் இருக்கின்றன. கருக்கிய கொள்ளை எண்ணி அதில் கலந்திருக்கிறோம். எத்தனை என்பது தலைமையாசிரியர் அம்மாவிடம் உள்ள சீட்டில் இருக்கிறது. தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், எத்தனையை மீட்கிறீர்கள் பார்ப்போம். வணக்கம்.