கூட்டல் குறியைப் பார்த்துச் சிலுவை என்று எண்ணாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியில் உருவான பழைய லூகர் கைத்துப்பாக்கியின் மேகசின் ஒன்று, அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக்கூடு, ஏலத்துக்கு வருகிறது. அதன் அடிக்கட்டையில் ஒரு எண், எண்ணோடு ஒரு கூட்டல் குறி. "சிலுவை இருக்கிறதே, ஸ்விஸ் ராணுவச் சரக்கு" என்பார் விற்பவர். நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் ஜெர்மன் சரக்காகத்தான் இருக்கும்.

லூகர் கைத்துப்பாக்கியை ராணுவத்துக்கென்று முதலில் ஏற்றுக்கொண்ட நாடு ஜெர்மனி அல்ல, ஸ்விட்சர்லாந்து. ஆண்டு 1900. தோட்டா 7.65 மில்லிமீட்டர், மேகசினில் எட்டு கொள்ளும். செய்து கொடுத்தது பெர்லினில் இருந்த டி.டபிள்யூ.எம். நிறுவனம். முதல் உலகப் போரில் பெர்லினிலிருந்து வரத்து நின்றுபோனது. பிறகு ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையே செய்யத் தொடங்கியது. 1924, 1929 ஆண்டுகளின் பெயரால் வழங்கும் மாதிரிகள் அங்கே பிறந்தவை. ஆக, ஸ்விஸ் லூகர் என்றாலே இரண்டு தாய்வீடு.

ஜெர்மன் ராணுவத்தில் ஒரு துப்பாக்கிக்கு இரண்டு மேகசின் கொடுப்பார்கள். இரண்டிலும் துப்பாக்கியின் வரிசை எண்ணையே பொறிப்பார்கள். எது உபரி என்று தெரிய வேண்டுமே, அதற்காக இரண்டாவதில் மட்டும் ஒரு கூட்டல் குறி. அவ்வளவுதான் அதன் கதை. மெல்லிய இரண்டு கோடுகள், குறுக்கே வெட்டிக்கொள்ளும்.

ஸ்விஸ் கொடியில் உள்ள சிலுவை அப்படி இருக்காது. அதன் கைகள் தடித்தவை. ஒவ்வொரு கையின் நீளமும் அகலத்தைவிட ஆறில் ஒரு பங்குதான் அதிகம் என்று 1889லேயே அரசு வரையறுத்துவிட்டது. கதிர்கள் சூழ்ந்த சிலுவை, கேடயத்துக்குள் சிலுவை என்ற பெரிய சின்னங்கள் துப்பாக்கியின் மேற்புறத்தில் இருப்பவை. அவற்றை மேகசினில் தேடிப் பயனில்லை. சிறு உறுப்புகளில் தென்படுவது பரிசோதகர் குத்தும் பொடிச் சிலுவை. பெர்ன் தொழிற்சாலையின் அடையாளமோ டபிள்யூ, எஃப் என்ற இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு சிலுவை.

சரி, ஜெர்மன் மேகசின் ஸ்விஸ் துப்பாக்கிக்குள் எப்படி வந்தது? ஜெர்மன் ராணுவ லூகருக்கான 9 மில்லிமீட்டர் பாராபெல்லம் தோட்டா, ஸ்விஸ் லூகரின் 7.65 தோட்டாவின் கழுத்தை விரித்து உருவானது. அடிப்பகுதியின் அளவு மாறவில்லை. அதனால் இரண்டுக்கும் ஒரே மேகசின் பொருந்தும். பணிக்காலம் முடிந்த ஸ்விஸ் வீரர் தன் ஆயுதத்தை வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அப்படிச் சொந்தமாகிப்போன துப்பாக்கியில் பி என்ற எழுத்தைக் குத்திவிடுவார்கள். சொந்தச் சாமான் ஆனபின் மேகசின் தொலைந்தால் யார் அதே முத்திரையைத் தேடி அலைவார்கள்? கிடைத்ததை வாங்கிச் செருகுவார்கள். இப்படித்தான் கலப்பு நேர்ந்தது. இதில் மோசடியைவிடச் சோம்பல்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

முத்திரையே இல்லாவிட்டால்? அப்போதுதான் எனக்கு ஆர்வம் கூடும். உடம்பைப் பாருங்கள். பழைய மேகசின்கள் தகட்டை மடித்து, விளிம்புகளைச் சேர்த்துச் செய்தவை. சேர்த்த கோடு தெரியும். ஜெர்மனியில் சூல் நகரத்து ஹேனல் நிறுவனம், ஆயுத வடிவமைப்பாளர் ஹ்யூகோ ஷ்மைஸர் அங்கே இருந்த காலத்தில், இணைப்பே தெரியாத குழாயாகச் செய்தது. அவற்றில் பலவற்றில் ஹேனல், ஷ்மைஸர் என்ற பெயர்களே பொறித்திருக்கும். போர்க்காலத்தில் பெயர் போய் 122 என்ற எண்ணும், அப்புறம் எஃப், எக்ஸ், ஓ என்ற மூன்று எழுத்தும் வந்தன. எல்லாம் அதே ஹேனல்தான். இவற்றில் எதைக் கண்டாலும் பெர்னை மறந்துவிடலாம்.

அடுத்தது அடிக்கட்டை. டி.டபிள்யூ.எம். காலத்தில் அது மரம். ஜெர்மனி பின்னாளில் அலுமினியத்துக்கு மாறியது. ஸ்விஸ் 1929 மாதிரி செலவைக் குறைக்கவே வடிவமைத்தது. அதன் கைப்பிடித் தகடுகளும் மேகசின் அடிக்கட்டையும் பிளாஸ்டிக். முதலில் செம்பழுப்பு, பின்னர் கறுப்பு. செம்பழுப்பு அடிக்கட்டை கொண்ட மேகசினைக் கறுப்புக் கைப்பிடித் துப்பாக்கியில் பார்த்தால், பிறகு சேர்த்ததோ என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

பொய்யாகக் குத்திய முத்திரையும் சந்தையில் உண்டு. முத்திரையின் ஓரம் மட்டும் கூர்மையாக, சுற்றியுள்ள உலோகம் தேய்ந்து இருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டும் சேர்ந்தே வயதாகியிருக்க வேண்டும்.

1949ல் லூகரின் இடத்துக்கு வந்தது ரைன் அருவிக்கு அருகே நொய்ஹாவுஸனில் எஸ்.ஐ.ஜி. என்ற ஸ்விஸ் நிறுவனம் செய்த 9 மில்லிமீட்டர் துப்பாக்கி. அதற்கும் எட்டுத் தோட்டாதான், ஆனால் லூகர் மேகசின் அதற்குள் போகாது. அங்கே தலைவலி வேறு மாதிரி. டென்மார்க் ராணுவமும் அதே துப்பாக்கியை வாங்கியது. செய்தவர் யார் என்று தெரிந்த பிறகும், எந்த ராணுவத்துக்குப் போனது என்று தனியாகத் தேட வேண்டும்.