நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று: ஒரு கிரேக்கச் சொல்லின் பொருள்கள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை அழகுசெய்யும் பேராசிரியப் பெருமக்களே, இந்தக் கூட்டத்திற்கு மனமுவந்து இடமளித்த நூலகர் அவர்களே, மழையையும் பொருட்படுத்தாது வந்து அமர்ந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

'பராதொக்ஸொஸ்' என்னும் பழங்கிரேக்கச் சொல் விளையாட்டுக் களத்திலும் வேதநூலிலும் தத்துவத்திலும் பெற்ற பொருள்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'தொக்ஸா' என்பது மனிதர் கொண்டிருக்கும் எண்ணம், எதிர்பார்ப்பு. 'பரா' என்பது இங்கே அதற்கு மாறானது. 'நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று' என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தப் பழமொழி முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

கி.மு. 212இல் ஒலிம்பியாவில் நடந்ததைக் கேளுங்கள். எலிஸ் நகரத்துக் காப்ரொஸ், மற்போரையும், மல்லும் குத்தும் கலந்து அதனினும் கொடியதான பங்கிராத்தியோனையும் ஒரே விழாவில் வெல்லத் துணிந்தான். தீப்ஸ் நகரத்துக் கிளெய்தோமாகொஸோ முந்தைய ஒலிம்பிக்கில் பங்கிராத்தியோனை வென்றவன்; இம்முறை குத்துச்சண்டையிலும் இறங்கியிருந்தான். காப்ரொஸ் மற்போரில் வென்றதும் கிளெய்தோமாகொஸ் நடுவர்களிடம் சென்று, குத்துச்சண்டையில் தான் காயப்படுவதற்கு முன்பே பங்கிராத்தியோனை நடத்துவதுதான் நியாயம் என்று வேண்டினான். நடுவர்களும் இசைந்தார்கள். காயமில்லாத உடம்போடு களம் புகுந்தவன் காப்ரொஸிடம் தோற்றான்! நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. ஆயினும் தளராமல் குத்துச்சண்டைக்குச் சென்று அதில் வாகை சூடினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காப்ரொஸைப் போன்ற அரிய வெற்றியாளர்களைப் பிற்காலக் கல்வெட்டுகள் 'பராதொக்ஸொஸ்' என்றே பட்டமிட்டுப் போற்றின.

லூக்கா நற்செய்தியில், கூரை வழியே இறக்கப்பட்ட முடக்குவாதக்காரர் எழுந்து நடந்ததைக் கண்டவர்கள் 'பராதொக்ஸா' கண்டோம் என்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் இச்சொல் வரும் இடம் அது ஒன்றே. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை அதிசயம் என்று சரியாகவே எழுதினார்கள்.

பிறகு ஏன் நம் கலைச்சொல் பட்டியல்கள், இச்சொல்லிலிருந்து பிறந்த ஆங்கிலப் 'பாரடாக்ஸ்' என்பதற்கு 'முரண்பாடு' என்பதோடு நின்றுவிடுகின்றன? காப்ரொஸின் வெற்றியில் முரண் எங்கே இருக்கிறது? 'ஞானி ஒருவனே செல்வன்' என்ற, ஸ்டோயிக்குகள் எனப்படும் கிரேக்கத் தத்துவப் பிரிவினரின் கூற்றுகூட ஊரார் எண்ணத்திற்குத்தான் மாறானது. ஆங்கிலத்தின் வழியாகவே கிரேக்கத்தைப் பார்ப்பதால் நேர்ந்த இழப்பு இது. ஆகவே, நேரடியான கிரேக்க–தமிழ் அகராதி ஒன்று வேண்டும், நம் பல்கலைக்கழகங்களில் கிரேக்கம் கற்பிக்கப்பட வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்களை மன்றாடிக் கேட்கிறேன். முதல் நூறு சொற்களை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் தலைவர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன்.